மூத்த த்ராஷ் மெட்டல் குழுவில் ஆள் மாறும்போது ரசிகர் எப்படிக் கேட்பது

நாற்பது ஆண்டுகளாக மேடையேறிவரும் ஒரு த்ராஷ் மெட்டல் (அதிவேகமும் கடுமையும் கொண்ட ராக் இசை வகை) குழுவிலிருந்து ஒருவர் விலகிவிட்டார் என்ற அறிவிப்பு வெளியானால், அன்று மாலைக்குள்ளாகவே ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். அவர் இல்லையென்றால் அது அந்தக் குழுவே அல்ல என்பது ஒரு கட்சி. பெயர் இருக்கும் வரை குழுவும் இருக்கும், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்பது மற்றொன்று. புதிய அணி வாசித்த ஒரு ரிஃபைக்கூட (திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிட்டார் தொடர்) கேட்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள் என்பதால் இரண்டையும் நான் ஏற்பதில்லை. அறிவிப்பு வந்த நாளன்று நமக்குள் எழும் கொந்தளிப்பு ஒரு செய்திக்கான எதிர்வினைதான். இசைக்கான எதிர்வினை அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும். ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போதும் நிலைத்து நிற்கக்கூடிய கருத்தை உருவாக்கிக்கொள்ள விரும்புகிறவர், யார் போனார் என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், அவரோடு சேர்ந்து எந்த வேலை போயிற்று என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் மனத்தில் இருக்கும் அணி எப்போது உருவானது?

முதல் வேலை, நீங்கள் இழந்ததாக நினைக்கும் அணியின் பிறப்பைத் தேடிப் பார்ப்பது. பெரும்பாலான ரசிகர்கள் தொடக்க அணி என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டாவது அல்லது மூன்றாவது அணியாகவே இருக்கும். மெகாடெத் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டேவ் மஸ்டெய்ன், டேவிட் எல்லெஃப்சன், மார்ட்டி ஃப்ரீட்மன், நிக் மென்ஸா ஆகிய நால்வர். 1990-இல் வெளிவந்த ரஸ்ட் இன் பீஸ் தொடங்கி 1997 வரை நான்கு ஆல்பங்களை உருவாக்கியவர்கள் அவர்கள்தாம். ஆனால் அந்த ஆல்பம் வெளிவந்தபோது ஃப்ரீட்மன் அக்குழுவின் ஆல்பங்களில் இடம்பெற்ற மூன்றாவது லீட் கிட்டார் கலைஞர், மென்ஸா மூன்றாவது டிரம்மர். இன்று நாம் ஈடு இணையற்றவர்கள் என்று கொண்டாடும் அந்த இருவரும் அன்றைக்குப் புதிதாக வந்தவர்கள்.

இதே கதை எங்கும் உண்டு. ஆந்த்ராக்ஸின் முதல் ஆல்பத்தில் பாடியவர் நீல் டர்பின். ஜோயி பெல்லடோனா அடுத்துதான் வந்தார். டெஸ்டமென்ட் குழு லெகசி என்ற பெயரில் இயங்கியபோது அதன் பாடகராக இருந்த ஸ்டீவ் சூசா எக்ஸோடஸுக்குப் போனதால்தான் சக் பில்லிக்கு அந்த இடம் கிடைத்தது. மெட்டாலிகாவில் கிளிஃப் பர்ட்டனும் கிர்க் ஹாமெட்டும் குழு தொடங்கிய 1981-இல் இல்லை. செபுல்டுராவின் ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸரும் 1987-இல் வந்து சேர்ந்தவரே.

இந்தத் தேடலின் பயன், புதியவர் எவரையும் உடனடியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதன்று. நீங்கள் காக்க நினைப்பது தொடக்க அணியையா, உங்களுக்குப் பிடித்த அணியையா என்பது உங்களுக்கே தெளிவாகும். பிடித்த அணி என்று தெரிந்துவிட்டால் வாதத்தை நேர்மையாக வைக்கலாம்: இந்த நால்வர் சேர்ந்தபோது இன்ன ஒலி கிடைத்தது, அது இனிக் கிடைக்காது என்று நான் அஞ்சுகிறேன். இப்படிச் சொல்வதில் குறையொன்றும் இல்லை.

போனவரோடு எந்த வேலை போயிற்று?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அதிக நேரம் செலவிட வேண்டியதும் இதற்குத்தான். ஆல்பத்தின் உறையில் உள்ள பாடலாக்கக் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலின் இசையையும் யார் எழுதினார், சொற்களை யார் எழுதினார் என்று வரிசையாகப் பாருங்கள். மேடையில் யார் முன்னால் நிற்கிறார், பேட்டிகளில் யார் பேசுகிறார் என்பதெல்லாம் நம்மை ஏமாற்றும். இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.

1983 ஏப்ரலில் மெட்டாலிகாவிலிருந்து மஸ்டெய்ன் வெளியேற்றப்பட்டபோது அக்குழு இன்னும் ஓர் ஆல்பம்கூட வெளியிட்டிருக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டு வெளிவந்த முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் நான்கிலும், அடுத்த ஆல்பத்தின் எட்டில் இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. போனவர் எழுதிவைத்தது குழுவுக்குள் சில காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை இது காட்டுகிறது. ஆகவே விலகலுக்குப் பின் வரும் முதல் ஆல்பத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். உண்மையான மாற்றம் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆல்பத்தில்தான் வெளிப்படும்.

ஸ்லேயரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அக்குழுவின் கிட்டார் முகம் கெர்ரி கிங்தான். ஆனால் ஏறத்தாழ 29 நிமிடங்களே ஓடும் 1986-ஆம் ஆண்டு ஆல்பமான ரெயின் இன் பிளட்டைத் திறக்கும் பாடலின் இசையும் சரி, முடித்துவைக்கும் பாடலின் இசையும் சரி, அக்குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான ஜெஃப் ஹேனமனுடையவை. அடுத்து வந்த இரண்டு ஆல்பங்களின் தலைப்புப் பாடல்களுக்கும் இசை அவரே. வேகத்தைக் குறைத்துவிட்டு, ஒரு சிறிய சுரத் தொடரைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்து அச்சத்தைக் கட்டியெழுப்பும் அந்தக் கைவண்ணம் அவருடையது. அவர் மறைந்த பிறகு 2015-இல் வெளிவந்த ரிபென்ட்லெஸில் அவர் விட்டுச்சென்ற ஒரே ஒரு பாடல் மட்டும் இடம்பெற்றது. மற்றவற்றின் இசை ஏறக்குறைய முழுவதும் கிங்கின் கையிலிருந்து வந்தது. அந்த ஆல்பம் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரே நிறத்தில் இருக்கிறது. அந்தக் குறையை, ஹேனமன் இடத்துக்கு வந்து சோலோக்களை (தனி வாசிப்புகளை) வாசித்த எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட்டின் தலையில் கட்டுவது அநியாயம். அவர் நிரப்ப அழைக்கப்பட்டது கிட்டார் கலைஞரின் இடத்தை, காலியாகிப்போனதோ பாடலாசிரியரின் இடம்.

வாசிப்பு என்று வரும்போது த்ராஷில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. இந்த இசையின் உயிர் சோலோவில் இல்லை. பாடலின் தாளத்தைத் தாங்கும் ரிதம் கிட்டாரை வாசிப்பவரின் வலக்கையில் இருக்கிறது. தந்திகளை உள்ளங்கையால் அடக்கி, பிக்கை (தந்தியைத் தட்டும் சிறு வில்லை) கீழ்நோக்கி மட்டுமே வேகமாக அடித்துக்கொண்டு போகும் அந்த முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். மெட்டாலிகாவின் எண்பதுகளின் ஆல்பங்களில் ரிதம் கிட்டார் அடுக்குகளை ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்தவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட். இதனால்தான் அக்குழுவில் பேஸ் கிட்டார் கலைஞர்கள் மாறியபோதும் முதுகெலும்பான ஒலி மாறவில்லை. எக்ஸோடஸில் பாடகர்கள் திரும்பத் திரும்ப மாறியும், கேரி ஹோல்ட்டின் ரிஃப் இருக்கும் வரை அதை எக்ஸோடஸ் என்று எளிதாக அடையாளம் காண முடிவதும் இதனால்தான். ஆகையால் ரிதம் கிட்டாரும் பாடலாக்கமும் ஒருவரிடமே இருந்து, அவரே விலகினால் அஞ்சுங்கள். மற்ற விலகல்களுக்குப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

டிரம்மர் மாறினால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். டேவ் லொம்பார்டோவும் பால் போஸ்டாஃபும் ஸ்லேயரில் மாறிமாறி இருந்தவர்கள். வேகத்தில் இருவரும் சளைத்தவர்கள் அல்லர். லொம்பார்டோ தாளத்தைச் சற்றே முன்னோக்கித் தள்ளுகிறார், ஃபில்களை (தாளத்தின் இடைவெளிகளை நிரப்பும் அடிகளை) இழுத்துவிட்டுக் கடைசி நொடியில் பிடிக்கிறார். பாடல் கைநழுவிப் போய்விடுமோ என்ற பதற்றம் அதிலிருந்து பிறக்கிறது. போஸ்டாஃப் அளந்து அடிக்கிறார். ஒவ்வோர் அடியும் தெளிவாக விழுகிறது. எனக்கு அந்தப் பதற்றம்தான் வேண்டும். ஆனாலும் 1994-இல் போஸ்டாஃப் முதன்முதலாக வாசித்த டிவைன் இன்டர்வென்ஷன் ஆல்பத்தின் கடுமையை லொம்பார்டோவின் பாணியில் கற்பனை செய்ய என்னால் முடியவில்லை. யார் சிறந்தவர் என்ற வாதத்தைவிட, இந்தப் பாடல்களுக்கு யாருடைய கை பொருந்துகிறது என்ற வாதம் நம்மை நன்றாகக் கேட்க வைக்கும்.

பாடகர் மாறுவது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். அதனாலேயே அதற்கு நாம் தேவைக்கு மேல் எடை கொடுத்துவிடுகிறோம். 1992-இல் பெல்லடோனாவை நீக்கிவிட்டு ஆர்மர்ட் செயின்ட் குழுவின் ஜான் புஷ்ஷை ஆந்த்ராக்ஸ் கொண்டுவந்தபோது, பழைய ரசிகர்கள் பலர் அக்குழுவின் அடுத்த பத்தாண்டு இசையை முழுமையாகவே புறக்கணித்தார்கள். புஷ்ஷுடன் வந்த நான்கு ஆல்பங்களில் முதலாவதான 1993-ஆம் ஆண்டு ஆல்பத்தை நிதானமாகக் கேட்டால், பாடகருடன் சேர்ந்து குழுவின் எழுத்துமுறையும் மாறியிருப்பது கேட்கும். பிடிக்காமல் போனால் அதற்குக் காரணம் குரல் மட்டுமே அல்ல.

அறிவிப்பை எப்படிப் படிப்பது

குழு வெளியிடும் அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, புதியவர் எந்த நிலையில் அழைக்கப்பட்டிருக்கிறார் என்பது. சுற்றுப்பயணத்திற்கு மட்டும் வருபவர், ஒலிப்பதிவுக்கு மட்டும் வருபவர், நிரந்தர உறுப்பினர் ஆகிய மூவரும் வேறு வேறு. 2021-இல் மெகாடெத் எல்லெஃப்சனை நீக்கியபோது, வெளிவரவிருந்த ஆல்பத்திற்கு அவர் ஏற்கெனவே வாசித்திருந்த பேஸ் பகுதிகளை டெஸ்டமென்ட் குழுவின் ஸ்டீவ் டி ஜார்ஜியோ மீண்டும் வாசித்துக் கொடுத்தார்; மேடைக்கு வந்தவரோ முன்பு அக்குழுவில் இருந்த ஜேம்ஸ் லொமென்ஸோ. ஆல்பத்தின் பேஸ் ஒலியைக் கேட்டுவிட்டு லொமென்ஸோவைப் பாராட்டுவதோ குறைகூறுவதோ பொருளற்றது.

தற்காலிகம் என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். 2011-இன் தொடக்கத்தில் ஹேனமனின் கையில் கடுமையான திசு அழிவு நோய் ஏற்பட்டபோது, அவர் குணமாகும் வரை என்றுதான் ஹோல்ட் வந்தார். 2019-இல் விடைபெறும் நிகழ்ச்சி வரை அவரே வாசித்தார். 2023-இல் கீகோ லோரெய்ரோ குடும்பத்திற்காகச் சுற்றுப்பயணத்திலிருந்து விலகியபோது இடைக்கால ஏற்பாடாக வந்த டீமு மான்டிசாரி பிறகு மெகாடெத்தின் நிரந்தரக் கிட்டார் கலைஞரானார். மாறாக, எக்ஸோடஸின் டாம் ஹண்டிங் 2021-இல் வயிற்றுப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார். சில மாதங்களில் ஹண்டிங் திரும்பி வந்தார். இந்த இசையைத் தொடங்கியவர்கள் இப்போது அறுபதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். உடல்நலம் காரணமான மாற்றங்கள் இனி அதிகமாகத்தான் வரும். அப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் இசை மதிப்பீட்டை ஒத்திவைத்து, நோயுற்றவரின் நலத்தை விரும்புவதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

விலகலுக்கான காரணத்தைப் பொறுத்தவரை, இரு தரப்பும் வெளிப்படையாகச் சொன்னதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது என்ற எல்லையில் நில்லுங்கள். 2013-இல் லொம்பார்டோ ஊதியக் கணக்கு குறித்துத் தம் தரப்பைப் பொதுவில் வைத்தார்; குழு அதை மறுத்தது. அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. அவர் இடத்துக்கு வந்த, அந்தத் தகராறில் எவ்விதப் பங்கும் இல்லாத போஸ்டாஃபின்மேல் கோபத்தைக் கொட்டியவர்கள் தவறான கதவைத் தட்டினார்கள்.

எந்த வரிசையில் கேட்பது

முதல் நிகழ்ச்சியில் யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளியிலிருந்து தொடங்காதீர்கள். த்ராஷின் இரட்டை பேஸ் டிரம்மும் அடக்கி வாசித்த கிட்டாரும் அந்தச் சிறிய ஒலிவாங்கியில் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும். பாடகரின் குரல் கூட்டத்தின் கூச்சலில் மூழ்கிவிடும். தவிரவும், பல பத்தாண்டுப் பாடல்களைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறியவரின் முதல் இரவு அது. சுற்றுப்பயணத்தின் நடுப்பகுதி வரை காத்திருந்து, ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேரடியாகப் பதிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சி ஏதேனும் கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

ஒப்பிட்டுக் கேட்க மிகச் சிறந்த வழி, ஒரே பாடலை இரண்டு அணிகள் வாசித்திருக்கும் பதிவுகள். இந்த வகையில் த்ராஷ் ரசிகர்கள் கொடுத்துவைத்தவர்கள். தம் 1985-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை எக்ஸோடஸ் 2008-இல் ராப் டியூக்ஸின் குரலில் மறுபடி பதிவுசெய்தது. மூலத்தில் பாடியவர் மறைந்த பால் பலாஃப். ஆந்த்ராக்ஸ் 2004-இல் தம் பழைய பாடல்களை ஜான் புஷ்ஷைக் கொண்டு மீண்டும் பதிவுசெய்தது. டெஸ்டமென்ட்டும் 2001-இல் தொடக்ககாலப் பாடல்களை மறுபடி வாசித்திருக்கிறது. பழையதையும் புதியதையும் ஒரு பாடல் விட்டு ஒரு பாடலாகக் கேளுங்கள். ஒரு முறை டிரம்ஸை மட்டும், ஒரு முறை ரிதம் கிட்டாரை மட்டும், இன்னொரு முறை குரலை மட்டும் பின்தொடருங்கள். பலாஃபின் குரலில் சுருதி சுத்தம் இருக்காது. ஆனால் பாடலின் வெறி அந்தக் கட்டுப்பாடின்மையில்தான் இருந்தது என்பதை டியூக்ஸின் திருத்தமான குரலைக் கேட்ட பிறகே முழுமையாக உணர முடியும். அதே டியூக்ஸ் தமக்காகவே எழுதப்பட்ட பாடல்களில் எவ்வளவு வலுவாக நிற்கிறார் என்பதை அறிய, 2005 முதல் வெளிவந்த ஆல்பங்களைத் தனியே கேட்க வேண்டும். 2025-இன் தொடக்கத்தில் சூசா விலகி டியூக்ஸ் திரும்பி வந்தபோது, இந்த வேலையை முன்பே செய்திருந்த ரசிகர்கள் பதறவில்லை.

புதிய ஆல்பத்தை இரண்டு தடவை முழுதாகக் கேட்டுவிட்டுச் சில வாரம் ஒதுக்கிவையுங்கள். எந்த ரிஃப் தானாக நினைவில் மேலெழுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு கருத்துச் சொல்லுங்கள்.

கேட்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இசைக்கலைஞர் எடுத்த முடிவுக்கும் ஒலிக்கலவையில் எடுக்கப்பட்ட முடிவுக்கும் உள்ள வேறுபாடு. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் மெட்டாலிகாவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தபின் வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் முதல் முழு ஆல்பம் 1988-இல் வெளிவந்தது. அதில் பேஸ் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. அதை வைத்து அவர் பர்ட்டனுக்கு ஈடாகமாட்டார் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். அவர் வாசித்திருந்தார், கலவையில் அது தாழ்த்தப்பட்டிருந்தது. 2001 வரை பதினான்கு ஆண்டுகள் அக்குழுவில் உழைத்த ஒருவரைக் கேட்காமலேயே எடைபோட்ட அந்தக் கொடுமையை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மரணம் நேர்ந்தால்

இங்கே வழிமுறை என்று அதிகம் சொல்வதற்கில்லை. 2013 மே 2 அன்று ஹேனமன் மறைந்தபோது, ஸ்லேயர் அத்தோடு முடிய வேண்டும் என்று பலர் கருதினர். தொடர வேண்டும் என்று கருதியவர்களும் அவரை நேசித்தவர்களே. துயரப்படுபவருக்கு வாதம் தேவையில்லை. ஒரு குழு எப்படித் தொடரலாம் என்பதற்கு வொய்வாட் ஓர் அரிய உதாரணம். அக்குழுவின் கிட்டார் கலைஞர் டெனிஸ் 'பிகி' டமூர் 2005-இல் புற்றுநோயால் இறந்தபோது, தம் மடிக்கணினியில் பதிவுசெய்து வைத்திருந்த கிட்டார் பகுதிகளைத் தோழர்களுக்கு விட்டுச்சென்றார். அவற்றைக் கொண்டு 2006-இலும் 2009-இலும் இரண்டு ஆல்பங்களை முடித்தார்கள். அவர் இடத்திற்கு டான் மோங்க்ரேன் வந்து, 2013-இல் தம் சொந்த இசையோடு முதல் ஆல்பத்தைத் தந்தார். டமூரின் விந்தையான சுரக்கட்டுகளை நன்கு கற்றறிந்தவர் அவர் என்பது அதில் ஒவ்வொரு பாடலிலும் கேட்கிறது.

பெயர் ஓரிடம், ஆள் ஓரிடம் என்று ஆகும்போது

1996 டிசம்பரில், மாக்ஸ் கவலேராவின் மனைவியான மேலாளருடன் தொடர வேண்டாம் என்று செபுல்டுராவின் மற்றவர்கள் முடிவெடுத்ததும் மாக்ஸ் விலகினார். டெரிக் கிரீன் பாடகரானார். 2006-இல் மாக்ஸின் தம்பி இகோரும் விலகியதால், கவலேரா சகோதரர்கள் இருவருமே இல்லாத செபுல்டுரா உருவாயிற்று. இன்றும் அது செபுல்டுரா அல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாக்ஸ் அக்குழுவில் இருந்தது பன்னிரண்டு ஆண்டுகள். கிரீன் இருந்திருப்பது அதைப்போல இரு மடங்குக்கும் மேல். அந்தக் காலத்து ஆல்பங்களைக் கேட்காமல் மறுப்பவரின் கருத்துக்கு நான் எடை தருவதில்லை. கேட்டுவிட்டு மறுப்பவரோடு இரவு முழுதும் பேசத் தயார்.

ஒரு தரப்பைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய கட்டாயமும் ரசிகருக்குக் கிடையாது. செபுல்டுரா தன் வழியில் போனது. மாக்ஸ் சோல்ஃப்ளையைத் தொடங்கினார். பின்னர் சகோதரர்கள் இருவரும் இணைந்து, 2023 முதல் செபுல்டுராவின் தொடக்ககால ஆல்பங்களைத் தம் குடும்பப் பெயரில் மறுபடி பதிவுசெய்து வெளியிட்டார்கள். மஸ்டெய்ன் வெளியேற்றப்படாவிட்டால் மெகாடெத் இல்லை. எக்ஸோடஸிலிருந்து ஹாமெட் மெட்டாலிகாவுக்குப் போகாவிட்டால் அது ஹோல்ட்டின் குழுவாக ஆகியிருக்குமா என்பதே ஐயம்.

எல்லாவற்றையும் கேட்ட பின்னும் புதிய அணி உங்களுக்கு ஒட்டவில்லையென்றால் விலகிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்போது சொல்ல வேண்டியதைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்: இன்னாருடைய பாடலாக்கம் இல்லாமல் இந்த இசை எனக்குப் போதவில்லை, அல்லது இந்த டிரம்ஸ் இந்தப் பழைய பாடல்களைத் தட்டையாக்குகிறது. புதிதாக வந்தவரின் தோற்றத்தையோ வயதையோ முந்தைய குழுவையோ இதற்குள் இழுக்காதீர்கள். அவருடைய சொந்தப் பக்கத்திற்குச் சென்று போனவரின் பெயரை எழுதிவிட்டு வராதீர்கள். நிகழ்ச்சிக்குப் போவதாக முடிவுசெய்தால், அவர் சோலோ வாசிக்கும்போது முந்தையவரின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட வேண்டாம். போனவர் புதிய குழு தொடங்கியிருந்தால் அதன் ஆல்பத்தை விலைகொடுத்து வாங்கிக் கேளுங்கள்.